முரசு

அக்காவுக்கு முதற்பல் வந்தது
இருபத்தோராம் மாதத்தில்.
அதுவும் கீழே இல்லை, மேலே;
முன்னால் இல்லை, ஓரத்தில்.
மேற்பல் முந்தினால் மாமனுக்கு ஆகாதென்று
கொழுக்கட்டை அவிக்க முன்னமே ஒரு கதை.
மாமா ஸ்காபரோவில் நல்ல சுகம்.
அவருக்குத்தான் இப்போது கட்டுப்பல்.

தலையில் கொட்டிய பல்லுக்கொழுக்கட்டைகளை
வதனி பொறுக்கித் தின்றாளாம்,
தேங்காய்ச் சொட்டுப் பல்லை மட்டும் துப்பிவிட்டு.
நான் அப்போது இல்லை.
மூன்று வருடம் பிந்திப் பிறந்து
அவளுக்கு முந்திப் பல் விழுந்தவள் நான்.
என் பல்லை ஓட்டுக்கு மேல் எறிந்த அன்று
தன்னுடையதை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.
அசையவில்லை.

ஈறு என்பது புத்தகத்தில்.
எங்கள் வாயில் அதன் பேர் முரசு.
இரவில் அவளுக்குப் பல் தீட்டிவிடுவது என் வேலை.
வாய் சிறிது, நாக்குப் பெரிது;
தெரியாத ஆளைப் படலையில் மறிப்பதுபோல்
பிரஷ்ஷை மறிக்கும்.
தொட்ட இடமெல்லாம் ரத்தம்.
துப்பிய சிவப்பைப் பார்த்து
"பீட்ரூட்" என்பாள்.
பிறகு நித்திரையில் பல் நெருமுவாள்.
பக்கத்துக் கட்டிலில்
யாரோ விடியும்வரை மணலில் நடப்பார்கள்.

இருபத்தேழு வயதில்
பெரியாஸ்பத்திரிப் பல் கிளினிக், துண்டு இலக்கம் நாற்பத்தொன்று.
கதிரை சாய்ந்ததும் என் விரல்களை நெரித்தாள்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் எண்ணினா:
உண்டாகாமலே போனவை ஏழு.
ஆப்புப்போல் கூர்ந்தவை இரண்டு.
இந்தா, இது இன்னும் பாற்பல்,
கீழே ஒண்டும் இல்லை.
முரசைத்தான் பாக்கவேணும், எலும்பு கரையுது.
"ஆனா ஒரு சூத்தைகூட இல்லை," என்றா,
"எனக்கு நாலு."

வதனி எழும்பி இருந்தாள்.
"ஆ காட்டுங்கோ."

வரிசையில் முப்பது பேர் காத்திருக்க
டொக்டர் முகக்கவசத்தை இறக்கி
ஆ காட்டினா.

கழற்றிய பாற்பல்லைப் பஞ்சில் சுற்றி
கோண்டாவில் மட்டும் மினிபஸ்ஸில் பொத்திக்கொண்டு வந்தாள்.
ஓடு போய் இப்போது பிளாற் வீடு.
எறிந்தாள். கைப்பிடிச் சுவரில் பட்டுக்
காலடியில் விழுந்தது.
திரும்பவும்.
"புதுப்பல் எப்ப வரும்?"
எக்ஸ்ரே என் கைப்பையில் இருந்தது.
"கொஞ்சம் பிந்தும்," என்றேன்.
அவளுக்குப் பழகின சொல்தான்; தலையாட்டினாள்.
மூன்றாம் எறியில் பல் மேலே தங்கிவிட்டது.

இரவு பிரஷ்ஷைத் தானே எடுத்தாள்.
முதலில் என் வாயைத் திறக்கச் சொன்னாள்.
விரலால் தடவிப் பார்த்து,
ஏழுக்குப் பிறகு எண் தெரியாமல்
எல்லாவற்றையும் ஏழு ஏழு என்றே
எண்ணிக்கொண்டு போனாள்.