உடையும்வரை

லுப்லியானாவில், ஆற்றை ஒட்டிய கல் தெருவில்
நல்ல பொருள்கள் மட்டுமே விற்கும் கடை.
நான் நெஷா. கல்லாவுக்குப் பின்னால் ஆறாவது வருடம்.

பீச் மரப் பிடி, குதிரைமயிர் முனை:
பாத்திரம் தேய்க்க ஒன்பது யூரோ.
சாயமேற்றாத லினன் துண்டு, இருபத்திரண்டு.
கம்பளிப் போர்வை; அதன் காதில் ஒரு சீட்டு,
எந்த மலை, எந்த ஆடு, யார் நெய்தது,
நெய்தவருக்கு என்ன கூலி என்பதுவரை.
என் கூலி எந்தச் சீட்டிலும் இல்லை.

வருகிறவர்கள் மெல்லத்தான் பேசுவார்கள்,
தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல.
சிலர் போர்வையை முகர்ந்து பார்ப்பார்கள்.
போகும்முன் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்:
"உங்கள் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள்?"
"இதையேதான்" என்பேன்,
கூசாமல்.

வீட்டில் இருப்பது மஞ்சள் பிளாஸ்டிக் வாளி.
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது.
அடியில் விரிசல் கண்டபோது
கத்தியைச் சுடவைத்து உருக்கி ஒட்டினேன்.
அந்தத் தழும்பு வெயிலில் மட்டும் தெரியும்.
பதினோரு வருடம். துணி ஊற, தரை துடைக்க,
ஒருமுறை காய்ச்சலில், வாந்தியெடுக்க.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார்.
ராடோவன். வங்கி அட்டையில் பார்த்தேன்.
துண்டு ஆறு, பிரஷ் மூன்று,
கண்ணாடி ஜாடிகள், மூடியோடு,
மூங்கில் கூடை, அதை வைக்க ஒரு மரத்தட்டு.
இருநூற்று நாற்பது யூரோ.

அட்டையை நீட்டியபடியே சொன்னார்:
"பழையதெல்லாம் காரில் கிடக்கிறது.
எங்கே கொட்டுவது, சொல்லுங்கள்,
பிளாஸ்டிக்கை இன்றோடு தலைமுழுகிவிடுகிறேன்."

என் வாயில் அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.
"உடைந்துவிட்டதா?"
"எது?"
"காரில் இருப்பது."
"இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. அசிங்கமாக இருக்கிறது."
"வீட்டுக்கே எடுத்துப்போங்கள்.
உடையும்வரை வையுங்கள். உடைந்தபின் வாருங்கள்.
இந்த மரம் எங்கும் ஓடிப்போகாது."

முதலாளி மர்யெத்தா உள்ளறை வாசலில் நின்றிருந்தாள்,
கையில் பாதி அவிழ்ந்த நாடாச் சுருள்.
அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜாடிகளை அலமாரிக்குத் திருப்ப நேரமாயிற்று.
கடை பூட்டும்போது மர்யெத்தா ஒன்றே சொன்னாள்:
"இருநூற்று நாற்பது."
திங்கட்கிழமையும் சொன்னாள்.
கடைக்கு வாடகை கட்டுகிறவள் அவள்;
எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

ஆகஸ்டில் அவர் திரும்ப வந்தார்.
செய்தித்தாளில் சுற்றியதைக் கல்லாமேல் பிரித்தார்:
நீலப் பிளாஸ்டிக் பிரஷ், கழுத்தோடு முறிந்தது.
அரசு அலுவலகத்தில் மரணச் சான்றிதழை வைப்பதுபோல வைத்து,
"தானாகத்தான் உடைந்தது" என்றார்,
"சத்தியமாக."

முறிவைத் திருப்பிப் பார்த்தேன், ஏதோ எனக்குத் தெரியும்போல.
முள்ளெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து வெளுத்திருந்தது.
ஒன்பது யூரோ. பில் போட்டேன்.
லினன் துண்டைத் தொட்டார்; மறுபடி மடித்துவைத்தார்.
"வீட்டில் இருப்பது இன்னும் கிழியவில்லை."

வாசல்வரை போனவர் நின்றார்.
"உங்கள் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள்?"

மர்யெத்தா கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"மஞ்சள் வாளி" என்றேன். "பிளாஸ்டிக். அடியில் ஒட்டுப்போட்டது."

அவர் சிரிக்கவில்லை.
"ஒழுகுகிறதா?"

"கொஞ்சம்."