மூடாத கோடு

பெனிட்டா,
செக்காலை ரோடு, மாடி, ஜன்னலோரக் கம்ப்யூட்டர்
ஆறு மாதத்துக்கு உன்னுடையது.
எனக்கு வயிறு மேசையில் இடிக்கிறது,
மவுஸ் எட்டவில்லை.
போவதற்கு முன் சிலது சொல்லிவிடுகிறேன்,
வரிசையாக இல்லை, நினைவு வந்தபடி.

முதலில் அலகைப் பார்.
பள்ளத்தூர் வீட்டை நாம் அளந்தது அடியில்.
பழைய ஃபைல் மில்லிமீட்டரில் திறக்கும்.
பார்க்காமல் நாற்பது என்று அடித்தால்
வளவு முழுக்க ஒரு தீப்பெட்டிக்குள் போய்விடும்,
தூண்கள் தீக்குச்சியைவிட ஒல்லியாக.

பூஜ்ஜியம் லேயரில் எதையும் வரையாதே.
சுவருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று,
பங்காளிகள் பதினோரு பேருக்குப் பதினோரு நிறம்.
தேனப்பனுக்கு மஞ்சள் வேண்டாம்,
வெள்ளைத் தாளில் தெரியாது.
"என் பங்கு எங்கே" என்று
கோலாலம்பூரிலிருந்து விடியுமுன் போன் வரும்.

தேக்குத் தூணை ஒருமுறை வரைந்து பிளாக் ஆக்கியிருக்கிறேன்.
இருபத்துநாலு இடத்தில் நிற்பது அந்த ஒன்றுதான்.
அதைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.
அவசரத்தில் எக்ஸ்ப்ளோட் மட்டும் அழுத்திவிடாதே.
கோடு கோடாகப் பிரிந்துவிடும்,
அப்புறம் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஸ்னாப் எப்போதும் போட்டு வை.
தொட்டது போலிருக்கும் கோடு
பெரிதாக்கிப் பார்த்தால் தொட்டிருக்காது.
புள்ளியைப் பிடி.
இந்தப் பக்கம் புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி,
கோயில் வரிக்கு ஒரு கணக்கு.
அந்த வீட்டுக்கு இப்போது நாற்பத்தேழு புள்ளி.
குடியிருப்பது ஒரு வாட்ச்மேன்.
அவர் பெயர் எந்த லேயரிலும் இல்லை.

இப்போது என் தப்பு.
இரண்டாங்கட்டில் சிகப்பி ஆச்சி அறைக்கு
ஹேட்ச் நிரம்பவே இல்லை.
எல்லை மூடவில்லை என்றது மெஷின்.
நாலரை அங்குலம் இடைவெளி.
டேப் தொய்ந்திருக்கும் என்று நினைத்து
ஒரு சுவரை இழுத்து ஒட்டவைத்தேன்.
நிறம் நிரம்பியது. பிரிண்ட் போனது.
பக்கத்து அறை தேனப்பனுடையது.
அந்த நாலரை அங்குலத்துக்கு
தேவகோட்டை கோர்ட்டில் மூன்று வாய்தா.

மறுபடி போனேன், குறுக்களவு எடுக்க.
மூலைக்கு மூலை டேப் பிடித்தவர் வாட்ச்மேன் பூமிநாதன்.
"கெணத்துக்கு ஒதுங்கிக் கட்டுன செவரும்மா,
கோணலாத்தான் போகும்" என்றார்,
எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல.
நான் எஃப் எட்டைப் போட்டே வரைந்திருந்தேன்.
அது இருந்தால் எல்லாக் கோடும் நேர்தான்,
செங்கல் எங்கே ஒதுங்கினாலும்.
அணைத்துவிட்டு வரைந்தேன்.
கடைசிக் கோடு தானாக வந்து
முதல் புள்ளியில் உட்கார்ந்தது.

அதனால் மூலைவிட்டம் எடுக்காமல் திரும்பாதே.
திரும்பும்போது பூமிநாதனுக்கு ஒரு டீ,
சர்க்கரை இல்லாமல்.

ஃபைல் பெயரில் ஃபைனல் என்று போடாதே.
ஏற்கெனவே ஆறு ஃபைனல் இருக்கிறது.
தேதி போடு.

அப்புறம் கண்ட்ரோல் எஸ்.
மாதம் ஒருநாள் மின்தடையைப் பேப்பரில் போடுவார்கள்,
மற்ற நாள் போடாமலே போகும்.
யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும் என்பார் முதலாளி.
நாலு.
எண்ணியிருக்கிறேன்.