நாற்பது பவுண்டு உப்பு

மூன்றாவது படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலம்.
மற்றவை ஏழரை.
இந்தக் கால் அங்குலத்தின் மேல் நின்றுதான்
பதினான்கு மாதமாகப் பிழைக்கிறேன்.
விதிப்புத்தகம் இதற்கு மேலும் கொஞ்சம் மன்னிக்கும்.
இடுப்பெலும்பு மன்னிக்கவில்லை.

டுலூத்தில் எல்லாத் தெருவும் ஏரியைப் பார்த்துச் சரிகிறது.
நவம்பர் பிறந்தால் ஊரே ஒரு வழக்கு.
விழுந்தவர்களுக்கு வேறு வக்கீல்கள் இருக்கிறார்கள்,
பேருந்தின் முதுகில் சிரிக்கிறார்கள்.
நான் படிகளின் வக்கீல்.
இரும்புச் சாமான் கடை, லூத்தரன் தேவாலயக் கமிட்டி,
ஒரு பௌலிங் கூடம், இரண்டு பல்மருத்துவர்கள்.
உண்மையில் அவர்களுக்காகக்கூட இல்லை,
வருடாவருடம் பணம் கட்டிவிட்டு
அவர்கள் பெயரையே மறந்துபோன
ஒரு கம்பெனிக்காக.

ஆர்விட் கோஸ்கெலா, வயது அறுபத்தெட்டு.
இரும்புத்தாது ரயிலில் முப்பத்தொரு வருடம் பிரேக் பார்த்தவர்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்.
கைப்பிடி இருந்ததா?
இருந்தது.
பிடித்தீர்களா?
பெயின்ட் டப்பா வைத்திருந்தேன்.
இரண்டு கையிலுமா?

சுருக்கெழுத்து இயந்திரம் காத்திருந்தது.
மௌனத்துக்கு அதில் விசை கிடையாது.

ஒரு கையில்தான்.

அந்தத் 'தான்'
எனக்குப் பதினைந்து சதவீதம்.

ஒமாஹாவிலிருந்து கிளெய்ம்ஸ் அதிகாரி எழுதினாள்:
மார்லிஸ், இந்த ஆள் நடிக்கிறானா?
ரூடி பெல்கியை அனுப்பினோம்.
மூன்று நாள் வேனுக்குள் உட்கார்ந்து
பதினோரு நிமிடம் கொண்டுவந்தான்.

பிப்ரவரி, காலை ஏழு பத்து.
கோஸ்கெலா வெளியே வருகிறார்.
காரின் டிக்கியிலிருந்து நாற்பது பவுண்டு உப்பு மூட்டையை
நல்ல இடுப்பில் சாய்த்து எடுக்கிறார்,
நடுவில் ஒருமுறை நின்று காரைப் பிடித்துக்கொள்கிறார்,
பிறகு பக்கத்து வீட்டுக்குப் போகிறார்.
தன் வீட்டுப் படிக்கு அல்ல.
பக்கத்து வீட்டுப் படிக்கு.
குழம்புக்குப் போடுகிறவர் மாதிரி
கொஞ்சம் கொஞ்சமாக, யோசித்து யோசித்துத் தூவுகிறார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும்.
நான் நினைத்தது
பத்து பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற
அவருடைய டாக்டர் சீட்டை.

இருபத்திரண்டு முறை பார்த்தேன்.
ஆறு நிமிடத்துக்கு ஓர் அலகு என்று கணக்கு எழுதினேன்.
கடைசி நான்கு முறையை எழுதவில்லை.
அதற்கு என்ன தலைப்புப் போடுவது?

சமரசம் இரண்டு அறைகளில் நடந்தது.
நடுவர் ஹால்வர்சன் ஒரு துண்டுச் சீட்டில்
எண்களைச் சுமந்துகொண்டு போய்ப் போய் வந்தார்.
தவறு யாருடையது, எத்தனை சதவீதம்:
கடைக்கு ஒரு கட்டம், கோஸ்கெலாவுக்கு ஒரு கட்டம்.
முந்தைய இரவு உருகி, விடியலில் மறுபடி உறைந்த
அந்தத் தண்ணீருக்குக் கட்டம் இல்லை.
கேட்டது மூன்று லட்சம்.
காணொளியைப் போட்டுக் காட்டிய பிறகு
நாற்பத்தோராயிரத்தில் முடிந்தது.
ஒமாஹா எனக்குக் கட்டைவிரல் படம் அனுப்பியது.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று
நான் கடைசிவரை கேட்கவில்லை.
பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே,
தொழிலில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுகிறார்கள்.

லிஃப்ட் வாசலில் அவரே நின்றிருந்தார்,
கைத்தடி, அதே தொப்பி.
என் இரண்டு கையிலும் கோப்புப் பெட்டிகள்.
எனக்காகக் கதவைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
வெளியே வழுக்குகிறது. பார்த்துப் போங்கள்.

நன்றி என்றேன்.
ஆபத்து அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று
உள்ளே ஏதோ ஒன்று
தேதி போட்டுக் குறித்துக்கொண்டது.