நூற்றுப் பதினேழு

படம் நல்லாத்தான் இருந்துச்சு என்கிறார்
டிரைவர் அர்த்தநாரி அண்ணன்.
கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை
கூட்டம் இருந்ததால் தப்பித்தார்.
முதல் வளைவில்
பையை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன்,
அதுவும் ஒரு விளம்பரம்.
நாயகன் வில்லனைத் துரத்தி
இருபதாம் வளைவிலிருந்து ஓடி இறங்குகிறான்.
அடுத்த ஷாட்டில் ஏழாம் வளைவு.
மூச்சு வாங்கித் திரும்பினால் பதினெட்டு.
போர்டில் எண் தெரிகிறது அண்ணே!
தினம் மூன்று நடை ஏறி இறங்குகிறவனை
காசு வாங்கி உட்காரவைத்து
இப்படியா ஏமாற்றுவது?
அப்புறம் அந்தத் தேயிலை.
கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை.
நம் மலையில் ஏது அவ்வளவு?
இங்கேயே நிற்கிற காப்பிச் செடியும்
மிளகு ஏறிய சில்வர் ஓக்கும்
கால்ஷீட் தரமாட்டேன் என்றனவா?
இடைவேளையில் வரிசையில் நின்று வாங்கிய
தட்டுவடை செட்டில்தான்
கொஞ்சம் காரம் இருந்தது,
எதிர்பாராத ஒரு புளிப்பும்.

அண்ணன் கியரை மாற்றினார். பதில் இல்லை.

சரி, வளைவை மன்னிக்கலாம்.
தேயிலையைக்கூட
ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மறக்கலாம்.
ஆறாதது வேறு.
எடுத்தவர் யார்?
‘தண்ணி வர்ற நாள்’ எடுத்த அதே மனுசன்.
ஐந்து வீட்டுக்கு ஒரு குழாய்,
இரவு ஒன்பதரைக்குப் போட்டார்களே, அது.
அதில் நூற்றுப் பதினேழாவது நாள்
பார்த்திருக்கிறீர்களா?

விடிகாலை மூன்று மணி, குழாயடி.
மரகதத்துக்கும் சுலோச்சனாவுக்கும்
எண்பது எபிசோடாகப் பேச்சில்லை.
பின்னணி இசை கிடையாது.
ஒரே முகத்தை மூன்று தடவை காட்டி
இடி இடிக்கிற வேலை கிடையாது.
குடம் நிறைகிற சத்தம் மட்டும்.
அடியில் தடதடவென்று தொடங்கி
கழுத்துக்கு வரவர மெலிந்து மேலே ஏறும் சத்தம்,
நான்கு நிமிடம்.
கடைசியில் மரகதம்
தன் குடத்தைக் காலால் நகர்த்தி
அவள் குடத்துக்கு இடம் விடுவாள்.
அவ்வளவுதான், பெயர் போட்டுவிடுவார்கள்.
அந்த ராத்திரி சிவதாபுரத்தில்
எங்கள் வீட்டில் யாரும் சேனல் மாற்றவில்லை,
விளம்பரத்துக்குக்கூட.

அப்படி எடுத்த கை
இப்படி எடுக்கலாமா?

பத்தாம் வளைவில் பனி.
முன் சீட்டிலிருந்து திரும்பினார்
நாகலூர் பிலோமினா டீச்சர்.
“குடத்தை நகர்த்தவே இல்லையேப்பா.
தண்ணி நின்னுபோகும்.
அவங்கவங்க குடத்தைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.
எங்கிட்ட எல்லா நாளும் இருக்கு,
பென்டிரைவ்ல.”

வாங்கிப் பார்த்தேன்.
மூன்று முறை பார்த்தேன்,
ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு.
டீச்சர் சொன்னதுதான்.
அரைக்குடத்தோடு மரகதம் படியேறுகிறாள்.
சுலோச்சனாவின் பிளாஸ்டிக் குடம்
காலியாக இருப்பதால் காற்றில் ஆடுகிறது.
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்,
எத்தனை நடை, எத்தனை டீக்கடை.
நான் மெச்சிய அந்தக் கால்
யாருடையது?

மறுநாள் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
இரண்டு வளைவு கழித்துச் சொன்னார்:
“அந்தப் படத்துல ஒரு இடம் வரும்.
லாரிக்காரன் வண்டிய நிறுத்திட்டான்,
ஆனா ஸ்டியரிங்கிலருந்து
கைய எடுக்க முடியல அவனுக்கு.
ரத்தம் கித்தம் ஒண்ணுமில்ல.
சும்மா உக்காந்திருப்பான்.
அதுக்காகத்தான் நல்லாருக்குன்னேன்.”

அப்படி ஒரு ஷாட்டை
நான் பார்க்கவேயில்லை.

“இடைவேளை முடிஞ்சதும் வரும்” என்றார்.
“நீ அப்ப
வடைக்கு நின்னுட்டு இருந்திருப்ப.”

பதினாலாம் வளைவில்
எதிரே காப்பி மூட்டை லாரி.
ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி.
ஆனாலும் அண்ணன் ஓரமாக ஒடித்து நிறுத்தி
அவனைப் போகவிட்டார்.
நான் விசில் ஊதாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி போவதாக இருக்கிறேன்,
இந்த முறை வடை வாங்காமல்.
தேயிலை விஷயத்தில் மட்டும்
இறங்கி வருவதாயில்லை.