மழை பொய்த்த வருஷத்துக் குப்பி

அந்த வருஷம் இடவப்பாதி
வாசலில் காலை நனைத்துவிட்டுப் போனது, அவ்வளவுதான்.
துலா மழையும் வரவில்லை.
வாளி கிணற்றின் தரையைத் தட்டும் சத்தத்தை
முளகுமூட்டில் எல்லா வீட்டிலும் கேட்டோம்.

மோட்டார் அறைக் கூரைமேல் ஏறிக் கிடந்தது கொடி.
கம்பத்திலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த குச்சி.
ஏழு வருஷமாய்ப் புளிப்பும் தண்ணீரும் தவிர
எதையும் தந்ததில்லை.
அதற்கு நான் ஊற்றியது
அரிசி கழுவின தண்ணீர் ஒரு சருவம்,
அதுவும் ஞாபகம் வந்த நாளில்.

கார்த்திகையில் ஏறிப் பார்த்தால்
சுண்டுவிரல் நகம் அளவில் பழங்கள்,
மை மாதிரி கறுப்பு.
ஒன்றைக் கடித்தேன்.
தடித்த தோல் கிழிந்து
பல்லில் ஒட்டியது இனிப்பு.
வௌவால்கள் விட்டுவைத்தது ஆறு கிலோ.

பரணியில் வழக்கமான சீனியில் பாதிகூடப் போடவில்லை.
ஒரு பிடி கோதம்பு, நாலு கிராம்பு.
இருபத்தொரு நாள் சிரட்டைத் தவியால் கிளறினேன்.
மஸ்கட்டிலிருந்து பெனடிக்ட் போனில் கேட்டார்,
"தண்ணி லாறி வந்துதா?"
பரணியில் காது வைத்து
நுரை உடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வந்தது என்றேன்.
வரவில்லை.

வடித்த தோர்த்தில் விழுந்த கறை இன்றும் போகவில்லை.
வெயிலுக்கு நேரே பிடித்தாலும்
குப்பியின் மறுபக்கம் தெரியாத சிவப்பு.
முதல் மடக்கில் பழமே இல்லை,
சுட்ட மண்.
பிறகு நல்லமிளகு.
பிறகு எங்கிருந்தோ, ஆறுதலாய், பழம்.
விழுங்கின பிறகும்
நாக்கைவிட்டுப் போக மனமில்லாமல்.

கிறிஸ்மஸ் அன்று ரசலையனுக்கு ஒரு கிளாஸ் கொண்டுபோனேன்.
முந்நூறு மட்டி வாழை
குலை தள்ளுமுன்பே ஒடிந்து கிடந்த விளையின் ஓரம்
நாற்காலி போட்டு இருந்தார்.
மோந்து பார்த்தார். குடித்தார்.
இன்னொரு கிளாஸ் உண்டா என்றார்.
அதையும் குடித்து
கிளாசைச் சட்டை நுனியில் துடைத்து நீட்டினார்.
"பவுலீனே, இதுமாதிரி ஒண்ணு நான் குடிச்சதில்ல."
கொஞ்சம் பொறுத்து,
"இனி இதுமாதிரி ஒண்ணு உண்டாகவும் வேண்டாம்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கேக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மழை தவறவில்லை.
ரசலையன் விளையில்
குலைக்கு முட்டுக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.
என் கொடியில் பழம் தண்ணீராய் வீங்கித் தொங்குகிறது.
சீனியை அள்ளி அள்ளிப் போடுகிறேன்.
பிள்ளைகள் அதை ஜூஸ் என்கிறார்கள்,
சரிதான்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் மெழுகிட்ட ஒரு குப்பி மிச்சம்.
ஷெர்லின் மார்க்கரால் எழுதிய வருஷத்தில்
ஒரு எண் அழிந்துவிட்டது.
ஓட்டில் மழை அடிக்கும் ராத்திரிகளில்
எடுத்துச் சாய்த்துப் பார்ப்பேன்.
அடியில் கிடக்கும் வண்டல்
எழுந்து, யோசித்து, மறுபடி உட்காரும்.

திறக்க ஒரு நாள் வேண்டும்.
ரசலையன் மகள் கல்யாணத்துக்கு என்று நினைத்திருக்கிறேன்.
அவரிடம் இன்னும் கேட்கவில்லை.