தொழுவம் சேர்த்தியா

லியூபெல் என்போம் நாங்கள், லோய்பிள் என்பார்கள் அவர்கள்.
சுரங்கம் ஒன்றுதான்.
அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் பனி.
ஒன்றரைக் கிலோமீட்டர் இருட்டைத் தாண்டி
வாரம் நான்கு நாள் ஆஸ்திரியாவுக்குள் வருகிறேன்.
பின்சீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு நகல்தாள்,
ஆறாவதாக ஒன்று, யாராவது சேர்ந்தால் என்று.

நியமன ஆணையில் பாடத்தின் பெயர் தாய்மொழி.
லீபெயின் தாய் ரோஸ்விதாவுக்கோ
ஸ்லோவேனிய மொழியில் நன்றி சொல்லவும் வராது.
அப்பன் தெவ்ஷெய், ரேஷன்போல் எண்ணிப் பேசுகிற ஆள்:
கடையில் ஜெர்மன், மதுக்கூடத்தில் ஜெர்மன்,
என் வணக்கத்துக்குப் பதிலும் ஜெர்மன்.

முதல் வாரம் பென்சிலைத் தூக்கிக் காட்டினேன்.
ஜன்னலை, சாக்குக்கட்டியை, என் மூக்கை.
பையன் வாய் திறக்கவில்லை.
பூஜ்யத்திலிருந்து தொடங்கணும் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கம் பசு.
எழுந்தே நின்றுவிட்டான்.
"ஃராவா!"

க்ராவா, என்றேன்.
ஃராவா, என்றான்.
முதலெழுத்தை முழுங்காதே, க், க் என்று
என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.
அவனும் தன் தொண்டையைத் தொட்டான்.
அங்கேதான் இருந்தது அது,
தாழ்ப்பாள் விழுகிற மாதிரி
ஒரு சின்ன அடைப்பு.

அப்புறம் கொட்டித் தீர்த்தான்.
ஒதுங்கு. குடி. காலை எடு.
மடி கல்லாயிருக்கு.
கன்று குறுக்கே கிடக்கு, கயிறு கொண்டா, சீக்கிரம்.
பாதி வந்துட்டுது, இழு.
போயிடாதே ஷேகா, என் பொன்னே, போயிடாதே.
இதைச் சொல்லும்போது
எட்டு வயசுக் குரலுக்குள்ளே ஒரு ஆண்பிள்ளை
விடிகாலை மூன்று மணிக்கு அழுதுகொண்டிருந்தான்.

வகுப்பு சிரித்தது.
ஹெம்மாவைப் பார்த்து ஒதுங்கு என்றான்,
அவள் ஒதுங்கினாள்.

லுப்லியானாவில் ஐந்து வருஷம் இலக்கணம் படித்தவள் நான்.
கன்று குறுக்கே கிடப்பதற்கு
அவன் சொன்ன சொல் எனக்குத் தெரியாது.
அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்,
அகராதிக்கும் தெரியவில்லை.

சொல்வதெழுதுதலில் அதே பசு.
க் இருக்கவேண்டிய இடத்தில்
ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகியிருந்தது.
சிவப்புப் பேனாவோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அவன் ஒலிக்கு எங்கள் நெடுங்கணக்கில் எழுத்து கிடையாது.
ஓட்டைக்குப் பக்கத்தில்
மூன்று புள்ளி வைத்து மூடிவிட்டேன்.

மே மாதம், பதிவுப் படிவம்.
ஆண்டுதோறும் யாராவது கையெழுத்துப் போட்டால்தான்
இந்த வகுப்பு உயிரோடிருக்கும்.
மலையுச்சியில் இன்னும் பனி, கீழே சேறு.
பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்தார் தெவ்ஷெய், பின்னாலேயே
புளித்த தீவன வாசனையும் வந்தது.

வீட்டில் பேசும் மொழி.
ஜெர்மன் என்று எழுதினார்.
பேனாவை மூடினார்.
திறந்தார்.
என்னைப் பார்க்காமல், ஜெர்மனில்:
"தொழுவம், வீட்டில் சேர்த்தியா?"

விதிமுறையில் அப்படி ஒன்றும் இல்லை.
கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பேனா முள் கட்டத்துக்கு மேலேயே நின்றது,
மை ஒரு சொட்டு கட்டியது.

ஜன்னலோரம் கால் ஆட்டிக்கொண்டிருந்த லீபெய்
மெதுவாகச் சொன்னான்,
"பாதி வந்துட்டுது. இழு."

அப்பனுக்குக் காதுமடல் சிவந்தது.
வாயை மூடுடா என்றார்.

ஜெர்மனில் இல்லை.