மீட்டருக்கு இவ்வளவு

எனக்குக் கூலி ஆழத்துக்கு.
தண்ணீருக்கு அல்ல.
ஈரமே காணாத துளைக்கும் அதே விலைதான் என்று
முதலிலேயே சொல்லிவிடுவேன்,
பிறகு சண்டை வரக்கூடாது.

திரா பள்ளத்தாக்கில் என் துளைவண்டி ஏறும் சத்தத்துக்கு
நாய்களுக்கு முன்பே
வட்டிக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள்.

முதலில் தவிட்டு நிறத்தில் புழுதி.
நாற்பதில் செங்கல் பொடி.
எண்பதில் சாம்பல்.
நூற்றிருபதில் வரும் சிலேட்டுத் தூளை
நாக்கில் வைத்துப் பார்ப்பேன்,
உப்புக் கரித்தால் இன்னும் இரண்டு குழாய்.
என் மகள் திஹ்யாவின் பள்ளிக் கட்டணம்
வருடத்துக்கு முப்பத்தொரு மீட்டர்.

இதிரின் நிலத்தில்
நூற்று நாற்பத்தாறில் பீறிட்டது.
கிடாய் அறுத்தார்கள்.
அதிகாரிகள் வந்து சொட்டுநீர்க் குழாய் பதித்தார்கள்,
பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்றார்கள்.
மிச்சமானது, பொய்யில்லை.
மிச்சமான பாதியை வைத்து
இதிர் பக்கத்துத் தரிசையும் தர்பூசணி ஆக்கினான்.
அதற்கடுத்த தரிசையும்.

முன்பெல்லாம் டீசல் தீர்ந்தால் மோட்டார் நிற்கும்,
நிலம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும்.
இப்போது சூரியத் தகடுகள்.
வெயிலுக்கு யார் பில் போடுகிறார்கள்?
விளைச்சல் கூடிற்று என்று பரிசுகூடக் கொடுத்தார்கள்.
கடல் தாண்டிப் போன பழத்தை எடை போட்டவர்கள்
உள்ளே இருந்த தண்ணீரை
எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

நேற்று இட்டோ ஆள் அனுப்பியிருந்தாள்.
அவள் நிலம் பள்ளத்தாக்கின் கடைமடை.
ஐம்பத்தேழு பேரீச்சையில் பதினொன்று
தலை காய்ந்து நின்றன.
கிணற்றில் ஒரு கல்லைப் போட்டாள்.
இருவரும் காதைக் கொடுத்தோம்.
கல்லின்மேல் கல் விழுந்தது.
எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

தேநீர் வந்தது, டேங்கர் தண்ணீரில் போட்டது.
விருந்தாளிக்கு மூன்று முறை ஊற்றுவது எங்கள் வழக்கம்.
மூன்று முறையும் ஊற்றினாள்.
மூன்றையும் குடித்தேன்,
வேறென்ன செய்வது.

நூற்றறுபது இறக்கினால் கிடைக்கலாம் என்றேன்.
கணக்குப் போட்டாள்,
விரல்களைப் பார்த்தல்ல, மரங்களைப் பார்த்து.
பிறகு கேட்டாள்:
'இதிரின் துளையை மூட
மீட்டருக்கு எவ்வளவு வாங்குவாய்?'

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
அந்த விலையை ஒருவரும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் இதிரின் மோட்டார்
கடைசி வெயிலையும் வழித்துக்கொண்டிருந்தது.
சரளை எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு, கூலியாள் எத்தனை என்று
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே
மனம் தன்பாட்டுக்குக் கூட்டியது.

நூற்று நாற்பத்தாறு மீட்டர்.
திஹ்யாவுக்கு
ஏறக்குறைய ஐந்து வருடப் படிப்பு.